இன்துயில் யாருக்கு? (ஹத்தகர் சூத்திரப் பாடம்)

இத்திங்கள் நாம் பயிலுதற்கு எடுத்துக்கொண்டது அங்குத்தர நிகாயத்தின் மூன்றன் தொகுதியிற் காணப்படும் ஹத்தகர் சூத்திரம். அளவிற் சிறியது, ஆயினும் உறக்கமின்றி வருந்துவோர் நம்மிடையே பெருகிவரும் இந்நாளில் இதனினும் வேண்டப்படும் பாடம் வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு வழிபாடு முடிந்தபின் என்னைத் தனியே அழைத்துக் கேட்கப்படும் கேள்விகளுள் பல ஒரே தன்மையன. இரவெல்லாம் கண் மூடுவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, விடிந்தபின் எதிலும் மனம் ஒட்டவில்லை, இதற்குத் தம்மத்தில் வழி உண்டா என்பதே அக்கேள்வி.

முதலில் சூத்திரத்தின் செய்தியைக் கூறுவேன். ஒருகாலத்துப் பகவான் ஆளவி நகரத்தை அடுத்த சிம்சபா வனத்தில், மாடுகள் செல்லும் தடத்தின் அருகே, உதிர்ந்த இலைகளைப் பரப்பி அதன்மேல் அமர்ந்திருந்தார். உலாவச் சென்ற ஹத்தகர் என்னும் உபாசகர் அவரைக் கண்டு வணங்கி, இரவு நன்கு உறங்கினீரா என்று வினவினார். உலகில் நன்கு உறங்குவோருள் தாமும் ஒருவர் என்று பகவான் விடை கூறினார். ஹத்தகருக்கு வியப்பு. பனி பெய்யும் குளிர்காலம், நிலமோ மாட்டுக் குளம்பு பட்டுக் கட்டிதட்டிக் கிடக்கிறது, இலைப் படுக்கை மெல்லியது, மரங்களில் இலை அருகிவிட்டது, மேற்போர்த்த காவியாடை குளிர்ந்தது, காற்றும் குளிர்ந்தது. இத்தனைக்கும் இடையே இன்துயில் எங்ஙனம் வரும்?

பகவான் மறுமொழியாக அவரையே ஒரு கேள்வி கேட்டார். செல்வன் ஒருவனுக்கு மாடவீடு இருக்கிறது. உள்ளும் புறமும் பூசப்பட்டுக் காற்றுப் புகாமல் தாழிடப்பட்டது. மென்மயிர் விரிப்பும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் செந்நிறத் தலையணைகளும் உண்டு. எண்ணெய் விளக்கு எரிகிறது. ஏவல் செய்ய மனைவியர் நால்வர் நிற்கின்றனர். அவன் நன்கு உறங்குவானா? உறங்குவான் என்றார் ஹத்தகர். அவனுக்கே வேட்கையினாலோ வெறுப்பினாலோ மயக்கத்தினாலோ உடலிலும் உள்ளத்திலும் ஒரு வெப்பம் மூண்டால், அந்த வெப்பத்தில் வெந்துகொண்டு துன்பத்தோடு படுத்திருக்கமாட்டானா? இருப்பான் என்றார் ஹத்தகர். ததாகதரிடத்தில் அவ்வெப்பம் வேரோடு களையப்பட்டமையின் அவர் எங்குப் படுத்தாலும் இன்பமாகவே உறங்குகிறார் என்பது சூத்திரத்தின் முடிவு.

உறக்கம் படுக்கையைப் பொறுத்ததன்று என்பது இதன் முதற்பொருள். மெத்தை விற்போர் இதனை ஒப்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுவே. ஆனால் இச்சூத்திரத்தைத் தவறாகக் கையாளுகிற ஒரு வழக்கம் நம் கூட்டங்களிலும் புகுந்துள்ளது. அதைத் தடுப்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறேன். உறக்கம் வராமல் துன்புறும் ஒருவரிடம், உமக்கு ஆசை அதிகம், கோபம் அதிகம், ஆகவே உறக்கமில்லை என்று கூறிவிட்டுச் செல்வதுதான் அவ்வழக்கம். கணவனை இழந்து மூன்று மாதம் உறங்காத ஓர் அம்மையாரிடம் இங்ஙனம் ஒருவர் கூறியதை நான் கேட்டேன். அந்த அம்மையார் அதன்பின் வழிபாட்டிற்கு வருவதையே நிறுத்திவிட்டார். பகவான் கூறியது தமது விடுதலை பற்றிய செய்தி. நோயாளியின்மீது சாட்டும் குற்றப்பத்திரிகை அன்று. ஹத்தகரும் பிறரைக் குறைகூறுவதற்காக அதைக் கேட்கவில்லை.

உடல் மன வேதனைகள் அனைத்திற்கும் ஒரே காரணம் கூறுவதைப் பகவான் தாமே மறுத்த இடம் ஒன்று உண்டு. சம்யுத்த நிகாயத்தில் வேதனைத் தொகுதியில் மோளிய சீவகர் என்னும் பரிவிராசகர் வந்து, மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் எல்லாம் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுவது சரியா என்று கேட்கிறார். பகவான் எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலை முறைதவறிப் பேணுதல், பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என்பன அவை. எல்லாம் பழவினையே என்போர், தாமே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென அறிந்ததையும் கடந்து செல்கின்றனர் என்று அவர் தெளிவாகக் கூறுகிறார்.

இதன் அருமை நமக்குத் தெரிந்த அளவு பிறருக்குத் தெரியாது. நம் பாட்டன் பூட்டன்மாருக்குக் குடிசையும் பசியும் இழிபெயரும் ஏன் வந்தன என்று கேட்டபோதெல்லாம் பழவினை என்ற ஒரே விடைதான் கொடுக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் அக்கொள்கையைக் கடுமையாக மறுத்ததற்கு அதுவே காரணம். அந்த விடையை உதறிவிட்டு வந்த நாம், உறக்கமற்ற நம் சகோதரியிடம் அதையே வேறு சொல்லில் திருப்பிக் கொடுத்தல் தகாது. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) தாமே சித்த மருத்துவராக இருந்தவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. நோயை நோயென்று அறிந்து நாடி பார்த்து மருந்து கொடுப்பது நம் மரபிற்குப் புதியதன்று.

எட்டனுள் ஆறாவதான ‘முறைதவறிப் பேணுதல்’ என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நூற்பாலையில் ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் மாலை ஷிப்டு, அதன் மறுவாரம் இரவு ஷிப்டு என்று மாறி மாறி வேலை செய்தவர்க்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டுவதில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பின்னர், விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் வந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் வாழ்க்கையை எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது பகல் வெளிச்சத்தைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்வது. இருள் சூழும்போது மூளையில் சுரக்கும் மெலட்டோனின் என்னும் நீர், இரவு வந்ததென உடலுக்கு அறிவிக்கும். அந்தக் கடிகாரத்தை வாரந்தோறும் முன்னும் பின்னுமாகத் திருப்பினால் அது கெடாமல் என்ன செய்யும்? இங்கே குற்றம் வேட்கையினுடையதன்று, ஷிப்டினுடையது.

மூன்று புரியும் ஒரு கயிறும்

உறக்கமின்மை, அச்சம் கலந்த பதைப்பு, மனச்சோர்வு ஆகிய மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போல, எது முன் எது பின் என்று பிரித்தறிவது கடினம். மனச்சோர்வு வந்தவருக்கு உறக்கம் கெடுகிறது. நெடுநாள் உறக்கம் கெட்டவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மிகுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன என்று மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். முன்னாளில் உறக்கமின்மையை வேறொரு நோயின் அடையாளமாக மட்டுமே கருதினர். இந்நாளில் அதனைத் தனியே கவனித்து மருத்துவம் செய்யவேண்டும் என்பதே அவர்கள் துணிபு.

பதைப்புடையவர் பெரும்பாலும் படுத்தவுடன் உறங்கமாட்டார். நாளை வட்டிக்காரன் வருவானே, பிள்ளையின் கட்டணத்திற்கு என் செய்வேன் என்று எண்ணியெண்ணி நள்ளிரவைக் கடப்பார். சோர்வுடையவரோ உறங்கிவிட்டு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ விழித்து, அதன்பின் உறங்க இயலாமல், உலகமே இருண்டதுபோல் கிடப்பார். விடியற்காலையில் துன்பம் மிகுந்து, பொழுது ஏறஏறச் சிறிது குறைவதும் உண்டு. சிலர் இதற்கு மாறாக அளவின்றி உறங்குவதும் உண்டு. வாரத்தில் மூன்று இரவேனும், மூன்று மாதம் தொடர்ந்து உறக்கம் கெட்டு, அதனால் பகற்பொழுதின் வேலையும் கெடுமாயின் அதனை நாட்பட்ட உறக்கமின்மை என்பர். இரண்டு வாரத்திற்கு மேல் நாள்தோறும் மனம் சோர்ந்து, முன்பு மகிழ்ந்த எதிலும் மகிழ்ச்சி காணாது, பசியும் கெட்டு, நான் எதற்கும் பயன்படேன் என்ற எண்ணம் வருமாயின் அது வெறும் கவலை அன்று. மருத்துவரைக் காணவேண்டிய நோய்.

நூற்பாலையில் ரிங் பிரேமில் நின்றவர்கள் இதனை எளிதில் உணர்வர். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். ஓர் இழை அறுந்தால் ஓடிச் சென்று ஒட்டவேண்டும்; அதை ஒட்டி முடிப்பதற்குள் வேறோரிடத்தில் அறும். எட்டு மணி நேரமும் கண்ணும் காலும் ஓயா. உறக்கமற்றவரின் மனம் இங்ஙனமே வேலை செய்கிறது. ஓர் எண்ணம் தானாகவே அறுந்துபோகப் பார்க்கும். இவர் ஓடிச் சென்று அதனை ஒட்டுவார். பகலில் அது அவருக்குத் தேவையான திறமை. இரவில் இயந்திரத்தை நிறுத்திய பின்னும் கை நிற்கவில்லை என்பதே துன்பம். ஆகவே அவர் சோம்பேறியுமல்லர், கோழையுமல்லர். பெரும்பாலும் பொறுப்பு மிகுந்தவர்களுக்கே இது வருவதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் அம்பு

சம்யுத்த நிகாயத்துச் சல்லத்த சூத்திரத்தில் பகவான் கூறிய உவமையை நீவிர் அறிவீர். பயிற்சியற்றவன் ஓர் அம்பால் அடிபட்டவுடன் இரண்டாம் அம்பாலும் அடிபடுகிறான். முதலம்பு உடற்றுன்பம், இரண்டாவது, அத்துன்பத்தை நினைந்து அரற்றும் மனத்துன்பம். பயிற்சியுடைய சீடனுக்கு முதலம்பு மட்டும் உண்டு.

உறக்கமின்மைக்கு இவ்வுவமையைப் போலப் பொருந்துவது வேறில்லை. இரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்தது, இது முதலம்பு. உடனே கையை நீட்டிக் கைபேசியில் மணி பார்த்து, ஐயோ ஒரு மணியாயிற்றே, இன்னும் நான்கு மணி நேரந்தானே இருக்கிறது, நாளை வேலையில் என்ன ஆவேன், எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று நடுங்குவது இரண்டாம் அம்பு. அந்த நடுக்கத்தில் நெஞ்சத் துடிப்பு விரைகிறது; தசைகள் இறுகுகின்றன; உடல் பகைவனைக் கண்டதுபோல் விழித்துக்கொள்கிறது. அத்தகைய உடலில் உறக்கம் எவ்வாறு நுழையும்? உறங்கவேண்டும் என்ற முயற்சியே உறக்கத்திற்குப் பகையாகிவிடுகிறது. மற்றைய காரியங்கள் முயல முயலக் கைகூடும். உறக்கம் மட்டும் முயல முயல விலகும்.

ஆதலின் முதற் பயிற்சி இதுதான்: படுக்கும் அறையிற் கடிகாரம் கண்ணிற்படாமல் திருப்பி வைத்துவிடுக. கைபேசியை வேறு அறையில் வைக்கவும். ஒரே அறை வீடாயின் கைக்கு எட்டாத அலமாரியில் வைக்கவும். விழிப்பு வந்தால், விழித்திருக்கிறேன் என்று அறிந்துகொள்க. ஓர் இரவு உறக்கம் குறைந்தமையால் எவரும் பைத்தியமாவதில்லை. மறுநாள் களைப்பு இருக்கும். அதற்கடுத்த இரவு உடல் பெரும்பாலும் தானே ஈடு செய்துகொள்ள முயலும். சடை உலர்ந்து கண்ணெரியும் நேரத்தில் இதனை நம்புவது எளிதன்று என்பது தெரியும். பகலிலே பலமுறை சொல்லிப் பழகினால்தான் இரவிலே நினைவுக்கு வரும்.

அடுத்தது மஜ்ஜிம நிகாயத்தில் எண்ணங்களைத் தணித்தல் பற்றிப் பகவான் உரைத்த சூத்திரம். அதிலே ஐந்து வழிகள் கூறப்பட்டுள்ளன. தச்சன் பெரிய ஆப்பைச் சிறிய ஆப்பினால் அடித்து வெளியேற்றுவதுபோல் தீய எண்ணத்தை நல்லெண்ணத்தால் அகற்றுவது முதலாவது. அவ்வெண்ணத்தின் கேட்டினை நோக்குவதும், அதனைப் பொருட்படுத்தாது விடுவதும் அடுத்தவை. நான்காவதுதான் இன்று நமக்கு வேண்டியது. விரைந்து நடக்கும் ஒருவன், நான் ஏன் விரையவேண்டும் என்று மெல்ல நடக்கிறான், பின் ஏன் நடக்கவேண்டும் என்று நிற்கிறான், பின் அமர்கிறான், பின்னர்ப் படுக்கிறான். படிப்படியாகக் கரடான நிலையை விட்டு மென்மையான நிலைக்கு வருகிறான். எண்ணங்களையும் அவ்வாறே தணிக்கவேண்டும் என்கிறார் பகவான்.

நாம் செய்வது யாது? பத்து மணிவரை ஓட்டம். கணக்கு, சண்டை, தொலைக்காட்சி, கைபேசிச் செய்தி. பத்தே கால் மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டு உறக்கம் ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். நடப்பதும் நிற்பதும் அமர்வதும் ஆகிய இடைப்படிகள் எங்கே போயின? படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஓட்டத்தை நிறுத்தவேண்டும். மறுநாள் கவலைகளை அந்தியிலேயே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யக்கூடிய முதற்காரியம் எதுவென எதிரே குறித்து மடித்து வைத்துவிடலாம். எழுதத் தெரியாத மூத்தோர் வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிடலாம். அதுவும் எழுதியதற்குச் சமமே. பின்பு வாசலிலோ மொட்டை மாடியிலோ மெல்ல நடந்து, நின்று, அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் சிறிது நேரம் அறிந்திருந்து, கண் கனத்த பின்னரே பாயை அடைதல் நன்று. ஐந்தாவது வழியாகிய பல்லைக் கடித்து எண்ணத்தை நசுக்குதல், வேறு வழி பயனளிக்காதபோது தியானத்தில் அமர்ந்த பிக்குவுக்குக் கூறப்பட்டது. அதனைப் பாயிற் படுத்துக்கொண்டு செய்பவர் உள்ள உறக்கத்தையும் துரத்திவிடுவார்.

இந்நாளைய மருத்துவ முறையும் இதனோடு பெரிதும் இணங்குகிறது. அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972இல் ஒரு முறையை வெளியிட்டார். படுக்கை உறங்குவதற்கே, அதிலிருந்து உண்பதும் கணக்குப் பார்ப்பதும் கவலைப்படுவதும் கூடா. உறக்கம் வந்தால் மட்டும் படுக்க. ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்திற் சென்று மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக இருக்க. மீண்டும் கண் கனத்தால் திரும்புக. எத்தனை முறை எழ நேர்ந்தாலும் அங்ஙனமே செய்க. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுக. பகலில் நெடுநேரம் படுக்காதிருக்க. இதன் கருத்து எளிது. பல மாதம் பாயிற் கிடந்து புரண்டவருக்குப் பாயைக் கண்டாலே பதைப்பு வரும். பாய் வேறு, பதைப்பு வேறு என்று உடலுக்கு மீண்டும் கற்பிக்கவேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அறுவர் படுக்கும் வீட்டில் வேறிடத்திற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வேறிடம் என்பது வேறு அறைதான் என்பதில்லை. பாயைச் சுருட்டி வைத்துச் சுவரோரம் உட்காருவதும் வேறிடமே. இவ்வகையில் பாய் கட்டிலைக் காட்டிலும் வசதியானது!

1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் முதலியோர் வேறொரு முறையையும் வெளியிட்டனர். எட்டு மணி நேரம் படுக்கையிற் கிடந்து ஐந்து மணி நேரமே உறங்குபவர், படுக்கையில் இருக்கும் காலத்தை ஐந்தரை மணி நேரமாகச் சுருக்கவேண்டும். உறக்கம் இறுகிய பின்னர் வாரத்திற்குக் கால்மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். தொடக்கத்தில் பகலில் அயர்வு மிகும். ஆகவே வண்டியோட்டுவோரும் இயந்திரத்தில் நிற்போரும், வலிப்பு நோய் உடையவரும், மனவெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயுடையவரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்குதல் கூடாது. இவ்விரு முறைகளையும், அச்சந்தரும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் பயிற்சியையும் சேர்த்து நடத்தும் சிகிச்சையையே, நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாகக் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது.

காப்பியைப் பற்றி ஒரு சொல். அருந்திய காப்பியின் காரம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காப்பி இரவு 11 மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும் என்று கொள்க. தேநீரும் அவ்வாறே, சற்றுக் குறைவாக. சாராயம் உறக்கம் தரும் என்பது பொய். அது முதலில் மயக்கும், பின்னிரவில் உறக்கத்தை உடைக்கும், சோர்வையும் வளர்க்கும். ஐந்தாம் சீலத்தின் பயனை இங்கே மருத்துவரும் சான்றளிக்கின்றனர்.

மைத்திரி பாவனை செய்வோர்க்குப் பதினொரு நன்மைகள் உண்டென அங்குத்தர நிகாயம் கூறுகிறது. அவற்றுள் முதல் மூன்றும் உறக்கம் பற்றியவை: இன்பமாக உறங்குவர், இன்பமாக விழிப்பர், தீய கனவு காணார். ஆதலின் இரவில் மைத்திரி பழகுதல் மிகப் பொருத்தமே. ஆனால் மனச்சோர்வுடையவருக்கு அன்பு ஊறவில்லை என்பதே நோயின் இயல்பு. அவரை உட்காரவைத்து, எல்லா உயிர்களையும் நேசி என்று வற்புறுத்தினால், அதுவும் எனக்கு வரவில்லையே என்று இன்னும் ஓரம்பு தைக்கும். அவர் தமக்கு மட்டும் ஒரு நல்வாழ்த்துக் கூறிக்கொண்டாற் போதும். அதுவும் இயலாவிடின் பிறர் அவரை நினைந்து கூறட்டும். நெடுநேரத் தியானத்தையும் சோர்வு முற்றியவர்மேற் சுமத்தக்கூடாது. பத்து நாள் மௌனப் பயிற்சி நடத்தும் நிலையங்களே கடும் மனநோயுடையோருக்கு அப்பயிற்சி ஏற்றதன்று என்று விதிகளில் எழுதி வைத்துள்ளன.

இன்னொன்றையும் இடையே கூறிவிடுகிறேன். விழிப்பெல்லாம் நோய் அன்று. அநாதபிண்டிகர் இராசகிருகத்தில் புத்தர் என்ற சொல்லைக் கேட்ட அன்றிரவு, விடிந்துவிட்டதோ என்று மும்முறை எழுந்தார். இருளிலேயே சீதவனத்திற்குப் புறப்பட்டும் விட்டார். அவருக்கு எவரும் மருந்து கொடுக்கவில்லை!

மருந்து உண்ணலாமா?

இக்கேள்வியை நம் அன்பர்கள் மிகுந்த தயக்கத்தோடு கேட்கின்றனர். மருந்து உண்பது தம்மத்தில் நம்பிக்கைக் குறைவைக் காட்டுமோ என்ற அச்சம். உணவு, உடை, உறையுள் ஆகியவற்றோடு மருந்தையும் நான்காவது தேவையாக வைத்தவர் பகவான். ஜீவகர் கொடுத்த மருந்தை அவர் தாமே ஏற்றுக்கொண்டார். முதுகு வலித்தபோது தர்மம் உரைக்கும் பொறுப்பைச் சாரிபுத்திரரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்து இளைப்பாறினார். அவருக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு?

ஆனால் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு, மருத்துவர் கொடுக்கும் சிகிச்சை வேறு. தூக்க மாத்திரைகளுட் பல சில வாரங்களிலேயே உடலைப் பழக்கப்படுத்திவிடும். பின் அளவைக் கூட்டத் தோன்றும். திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்பும். முதியோர் இரவில் எழுந்து தடுமாறி விழுவதும் உண்டு. நெடுநாள் உண்டவர் தாமே நிறுத்தாமல் மருத்துவரின் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து இதனின் வேறானது. அதன் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். நான்கு நாள் உண்டு குணமில்லை என்று எறிந்துவிடுவோரும், குணமானவுடன் கேளாமல் நிறுத்துவோரும் மீண்டும் துன்பப்படுகின்றனர். தைராய்டு மிகுதல், சர்க்கரை நோயினால் இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல், இரும்புச் சத்துக் குறைவால் கால் குறுகுறுத்தல் முதலியனவும் உறக்கத்தைக் கெடுப்பன. இவற்றை மருத்துவரே கண்டறிய இயலும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதாக ஒருவர் கூறினாலும், கூறாமலே அவ்வாறு நமக்கு ஐயம் தோன்றினாலும், அவரைத் தனியே விடாதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் சுமை இறங்கியதுபோல் அவர் பேசத் தொடங்குவார். மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் கைக்கெட்டாது அகற்றிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். உயிர்விட முயன்றவரைக் கடும் மனத்துயரில் இருந்தவராகவே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. போலீசுக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாதிருத்தல் வேண்டாம்.

வீட்டார் செய்யவேண்டியது யாது என்பதற்கு நகுலமாதாவைக் காட்டிலும் நல்ல ஆசிரியை இல்லை. பர்க்க நாட்டில் நகுலபிதா கடும் நோயுற்றுக் கிடந்தார். அவரைத் தின்றது நோய் மட்டுமன்று, கவலையும் என்பதை மனைவி அறிந்தாள். கவலைப்படாதே என்று வெறும் சொல்லைச் சொல்லி அவள் நிறுத்தவில்லை. அவர் மனத்தில் இன்னின்ன கவலை இருக்கலாம் என்று தானே ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை கூறினாள். நீர் இல்லாவிடின் நான் பிள்ளைகளைக் காப்பாற்ற மாட்டேன் என்று எண்ணுகிறீரோ; எனக்குப் பருத்தி நூற்கவும் கம்பளி சீவவும் தெரியும், குடும்பத்தை நடத்துவேன் என்பது அவள் முதலிற் கூறியது. வேறொருவனை மணப்பேன் என்றோ, பகவானைக் காண்பதையும் சீலத்தையும் கைவிடுவேன் என்றோ எண்ணவேண்டா என்று மேலும் கூறிச் சென்றாள். கேட்டுக்கொண்டிருந்த நகுலபிதாவின் நோய் தணிந்தது. சிறிது நாளில் கோலூன்றிப் பகவானைக் காணச் சென்றார். இத்தகைய துணை கிடைத்தது உமக்குப் பெரும்பேறு என்று பகவான் அவரிடம் கூறினார். நூல் நூற்றவள் ஒருத்தி சூத்திரத்தில் இடம் பெற்றிருப்பது நூற்பாலைத் தொழிலாளியாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி, அது நிற்க. கவலையைப் பெயர் சொல்லி அழைத்து, கணக்கோடு விடை கூறினாள் என்பதே கவனிக்கவேண்டியது. கடன் எவ்வளவு, அதில் இம்மாதம் எவ்வளவு கட்ட முடியும், யாரிடம் தவணை கேட்கலாம் என்று கணவனும் மனைவியும் பகல் வெளிச்சத்தில் அமர்ந்து பேசினால், இரவு இரண்டு மணிக்கு அவ்வெண்ணம் வரும்போது அதன் பல் பாதி உதிர்ந்திருக்கும்.

இரவு ஷிப்டு செல்லும் இளைஞர்கள், காவலாளிகள், செவிலியர் ஆகியோர் இவற்றுட் பலவற்றைத் தலைகீழாகச் செய்யவேண்டும். அவர்கள் காலையில் வீடு திரும்பும்போது வெயில் கண்ணிற் படாமல் கறுப்புக் கண்ணாடி அணியலாம். வெயில் பட்டால் உடற்கடிகாரம் பகல் என்று எண்ணிவிடும். சன்னலைக் கனத்த துணியால் மறைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கலாம். ஷிப்டின் முற்பகுதியில் மட்டும் காப்பி அருந்தலாம். எஞ்சிய பொறுப்பு வீட்டாருடையது. அவருக்குப் பகல் ஒரு மணி என்பது நள்ளிரவு. அந்நேரத்தில் மாவரைக்கும் இயந்திரத்தை ஓட்டுவதையும், ரேஷன் கடைக்குப் போய் வா என்று எழுப்புவதையும் தவிர்த்து, சீட்டுப் பணம் கேட்டு வருபவரிடம் மாலை ஐந்து மணிக்கு மேல் வருமாறு சொல்லி அனுப்பலாம்.